முல்லா வீதி வீட்டுச் சுவரில் இருந்த உலகம்

புதுச்சேரிக்கு எல்லோரும் கடலைப் பார்க்கப் போவார்கள். நான் இந்தத் தை மாதக் கடைசியில் ஒரு வீட்டுச் சுவரைப் பார்க்கப் போனேன். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே யாராவது கையால் வரைந்த வரைபடம் இருக்கிறதா என்று விசாரிப்பேன். லாரி ஷெட்டில் டிரைவர்கள் கரியால் போட்ட வழிப்படம், கோயில் மண்டபத்துக் கூரையில் யாரோ தீட்டிய காசி, எதுவானாலும் சரி. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுத முடியாது.

போன மார்கழியில் அரியாங்குப்பத்திலிருந்து செல்வம் என்ற வாசகர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர் ஏசி மெக்கானிக். முல்லா வீதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்து வீட்டுக்கு வேலைக்குப் போனபோது, உள்ளறைச் சுவர் முழுக்க உலகப்படம் வரைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அவசரத்தில் எடுத்த படம். பாதி மங்கல், வலது ஓரத்தில் அவருடைய கட்டைவிரலே வந்து உட்கார்ந்திருந்தது. ஆனாலும் நீலக் கடலும், அதில் ஒரு கப்பலும், கரையோரமாகச் சின்னச் சின்னப் படங்களும் தெரிந்தன. ஓர் எழுத்துகூட இல்லை. ஊர்ப் பெயரே எழுதாத உலகப்படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

செல்வத்திடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வீட்டைப் படம் எடுக்க ஒருவர் வருகிறார் என்று மட்டும் சொல்லுங்கள், சுவர்ப்படத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள் என்றேன். இது என் பழைய விதி. முன்பு ஓர் ஊரில், உங்கள் வீட்டுப் பித்தளை உலக உருண்டையைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவைத்தேன். நான் போவதற்குள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கண்டங்களைக் காணாமல் அடித்துவிட்டார்கள். ஆப்பிரிக்கா பளபளவென்று மின்னியது, ஆனால் அது ஆப்பிரிக்கா இல்லை. அன்றிலிருந்து நான் எதைப் பார்க்க வருகிறேன் என்பதை யாரிடமும் சொல்வதில்லை.

திருச்சியிலிருந்து விழுப்புரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் வழியெல்லாம் நின்று நின்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பத்தேமுக்காலுக்குப் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். செல்வத்துக்கு அன்று சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, மூன்று மணிக்குத்தான் வர முடியும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அதுவரை ஊரைச் சுற்றி நடந்தேன். இதை நீங்களும் செய்யுங்கள். பழைய பிரெஞ்சு வரைபடங்களில் இந்த ஊர் முட்டை வடிவத்தில் இருக்கும். அந்த முட்டையின் ஓடு இன்று நான்கு பெரிய சாலைகள். உள்ளூரில் வயதானவர்கள் அவற்றை இன்னும் பிரெஞ்சில் 'பொலிவார்' என்கிறார்கள். கடற்கரையில் தொடங்கி ஒரு சுற்று வர, டீக்கும் மோருக்கும் நின்ற நேரம் சேர்த்து, எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. கையில் படத்தை வைத்துக்கொண்டு அந்தப் படத்தின் ஓரத்திலேயே நடப்பது ஒரு தனி சந்தோஷம். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தது அவ்வளவு நேரம்தான்.

மூன்று மணிக்குப் பெரிய மார்க்கெட் வாசலில் செல்வம் பைக்கோடு வந்தார். ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டோம். முல்லா வீதி வீட்டுக் கதவு திறந்ததும் முதலில் வந்தது பெயிண்ட் வாசனை. 

வீட்டுக்காரம்மா நூர்ஜஹான், எழுபதை ஒட்டிய வயது, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சிரித்த முகமாக வரவேற்றார். "வாங்க தம்பி. நேத்துதான் அடிச்சு முடிச்சாங்க. வாசன இருக்கும், பொறுத்துக்குங்க."

கூடம், முற்றம், குசினி என்று சமையலறை வரைக்கும் ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் பளிச்சென்று சந்தன நிறத்தில் இருந்தன. நான் கேமராவைத் தூக்கித் தூக்கி எடுத்துக்கொண்டே பின்னால் போனேன். கடைசியாக உள்ளறை. அங்கேயும் நான்கு சுவரும் சந்தன நிறம். செல்வத்துக்குத்தான் முதலில் வாய் வந்தது. இங்கே ஒரு மேப் இருந்ததே என்று கேட்டுவிட்டார்.

"அதுவா, எங்க அத்தா போட்டது," என்று தன் அப்பாவைச் சொன்னார் நூர்ஜஹான் அம்மா. "உப்பு பூத்து உதுந்துகினே இருந்துச்சு. வருசா வருசம் நோன்புக்கு முன்னாடி ஊடு அடிப்போம், அந்தச் செவுத்த மட்டும் உட்டுடுவோம். நாங்க பாத்தா பரவால்ல. வெளியூர்லேர்ந்து ஒருத்தர் படம் புடிக்க வராருன்னு செல்வம் சொன்னாப்ல. கிறுக்கி வச்ச செவுத்தையா காட்டுறது? அதான் சீக்கிரமே ஆள வரச்சொல்லி, பட்டி வச்சு அடிக்கச் சொல்லிட்டேன்."

நோன்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எனக்காக முன்கூட்டியே அடித்திருக்கிறார்கள். சொன்னால் தேய்த்துவிடுவார்கள் என்று பயந்தேன், சொல்லாததால் பூசிவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே குரங்கு நான்தான்.

நான் பேசாமலே திரும்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தம்மாவுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் செல்வத்தால் மறைக்க முடியவில்லை. "அதப் பாக்கத்தாம்மா திருச்சிலேர்ந்து வந்தாரு," என்று சொல்லிவிட்டார்.

நூர்ஜஹான் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தச் செவுத்த மட்டும் உட்டிருப்பனே தம்பி," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் தன் மேல்தான் தப்பு என்பதுபோலச் சொன்னார்.

பெயிண்டருக்குப் போன் போட்டுக் கேட்டோம். சுவரில் பூசிய பட்டியைச் சுரண்டினால் அடியிலிருக்கும் வண்ணமும் கூடவே வந்துவிடும் என்றார்.

அதற்குப் பிறகு நூர்ஜஹான் அம்மா எழுந்து வெறும் சுவரின் முன்னால் நின்று, அது எங்கெங்கே எப்படி இருந்தது என்று கையால் காட்டினார். அத்தாவுக்குக் கப்பலில் சமையல் வேலை. கிழக்கே சைகோனிலிருந்து பிரெஞ்சுத் துறைமுகமான மார்சேய் வரை போய்த் திரும்பும் கப்பல். மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுத்தே இல்லாமல் வரைந்திருக்கிறார். மார்சேய்க்குக் குன்றின் மேல் ஒரு மாதாகோயில், ஆப்பிரிக்கக் கரையில் ஜிபூத்திக்கு ஓர் ஆடு, கொழும்புக்குத் தென்னை, வலது கோடியில் சைகோனுக்குக் கூம்புத் தொப்பி போட்ட ஒருத்தி. போய்ச்சேர அதிக நாள் ஆகும் ஊரைத் தள்ளிப் போட்டிருந்தாராம். நிஜ தூரம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. கடிதம் வந்தால் பக்கத்து வீட்டில் யாராவது படித்துச் சொல்வார்கள். உடனே நூர்ஜஹானின் அம்மா போய் அந்த ஊர்ப்படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். கப்பல் அதிக நாள் நிற்பது சைகோனில். "எங்கம்மா தொட்டுத் தொட்டே அந்தத் தொப்பி தேஞ்சு போச்சு," என்றார்.

எத்தனையோ அச்சடித்த வரைபடங்களைக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன். அன்று அந்த வெறும் சுவரைப் பார்த்த அளவுக்கு எதையும் பார்த்ததில்லை. குறித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அந்தம்மா டீ போட்டுக் கொடுத்தார், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டோம். எதுவும் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் பொய். கறிக்குழம்பு அருமையாக இருந்தது, அதுவும் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது.

போகிறவர்களுக்கு: முட்டையைச் சுற்றி நடக்கக் காலை ஏழு மணிக்கு முன்பே தொடங்குங்கள், பத்துக்கு மேல் வெயில் விடாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு ஆட்டோ இருநூறு கேட்டார்கள், நூற்றிருபதுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் காந்தி வீதிச் சந்தையில் பழைய பிரெஞ்சுப் பள்ளிப் புத்தகங்கள் சில சமயம் கிடைக்கும், பூகோளப் புத்தகம் கண்ணில் பட்டால் எனக்கும் ஒன்று. முல்லா வீதியில் எந்த வீடு என்று யாரும் கேட்க வேண்டாம், அங்கே இப்போது பார்க்க ஒன்றுமில்லை. இன்னொன்று. ஒரு வீட்டுக்கு எதைப் பார்க்கப் போகிறீர்களோ, அதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். தேய்த்தால் தேய்க்கட்டும். அது அவர்களுடைய பொருள், அதன் மதிப்பு அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். எனக்கு இது கண் கெட்ட பிறகுதான் புரிந்தது.

ஊர் திரும்பியதும் செல்வம் எடுத்த அந்த மங்கல் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு அனுப்பினேன். உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே பிரதி அதுதான். ஓரத்துக் கட்டைவிரலை வெட்டிவிடலாமா என்று கடைக்காரர் கேட்டார். வெட்டினால் கடலும் குறையும் என்று அப்படியே விடச் சொன்னேன்.

போன வாரம் நூர்ஜஹான் அம்மா போன் செய்தார். படத்தை அதே சுவரில் மாட்டியாயிற்று என்றார். பிறகு சொன்னார்.

"சைகோன் மேல யாரோ வெரல வச்சிருக்காங்க தம்பி. எங்கம்மா அங்கதான் வச்சிகினு நிப்பாங்க."

அது செல்வத்தின் விரல் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.