என் மகள் விளையாடிய கம்பெனி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நான் கைமடியாக இருந்தேன். டெய்லர் மிஷினில் உட்கார்ந்து தைப்பார். கைமடி பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி, நூல் வெட்டி அடுக்க வேண்டும். எங்கள் டெய்லர் உள்ளூர்க்காரர். இந்த ஊரில் திட்டுக்கும் மரியாதை உண்டு. "ஏனுங்க்கா, கண்ணை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்பார். சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த எனக்கு முதலில் அது திட்டு என்றே புரியவில்லை. மற்ற கைமடிப் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்து நானும் குனியக் கற்றுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசர ஆர்டர். மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கூட்டிப்போய், வேஸ்ட் துணி மூட்டைமேல் உட்காரவைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் அவளும் அவள் அண்ணனும் கம்பெனி விளையாடினார்கள். மகன் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டுத் தைத்தான். எப்படித் திட்ட வேண்டும் என்று இவளே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவன் திட்டியதும் தலையைக் குனிந்து நின்றாள். அச்சு அசல் நான்தான்.

மறுநாள் டெய்லர் டீ குடிக்கப் போனதும் அவர் மிஷினில் உட்கார்ந்தேன். குனிவதை மட்டுமா பார்த்திருந்தேன்? அவர் கால் பெடலை அழுத்துவதும், விரல் துணியைத் தள்ளுவதும் எனக்கு மனப்பாடம். சில பீஸ்களுக்குத் தோளை மூட்டி முடிப்பதற்குள் அவர் வந்துவிட்டார்.

"எந்திரிங்க்கா. பீஸ் கெட்டா ஆருங்க பதில் சொல்றது?"

"நான் சொல்லுதேன்" என்றேன். எழவில்லை.

எங்களை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர் வந்து தையலை இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை.

"ஆருங்க பழக்குனது?"

"இந்த அண்ணன்தான்."

டெய்லருக்கு முகம் கறுத்தது. "நான் எங்கீங்க பழக்குனேன்?"

"நீங்க பழக்கல. நான் பாத்துக்கிட்டேல்லா நின்னேன்."

காண்ட்ராக்டர் தாடையைச் சொறிந்தார். சும்மா கிடந்த மிஷின் ஒன்றைக் காட்டி, "கைமடிக்கு வேற ஆள் கெடைக்கட்டுமுங்க, அப்பறம் அதுல உக்காருங்க" என்றார்.

"கெடைக்கிற வரைக்கும் அண்ணனே மடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்போதே போய் உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறும் வேலை இருந்தது. மகளைத் தன்னிடம் விட்டுப்போகச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. வேண்டாம் என்று கூட்டிப்போனேன்.

"கொழந்தைய எதுக்குங்க கூட்டியாறீங்க?" என்றார் காண்ட்ராக்டர்.

"பாத்துக்கிட்டு இருக்கட்டும்" என்றேன். என் முகம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து அவளை உட்காரவைத்துவிட்டு மிஷினை ஓட்டத் தொடங்கினேன்.