தெருவே பேசும் ஊர்

எங்கள் வீட்டில் உள்ளே மராத்தி, வாசலைத் தாண்டினால் தமிழ். யாரும் போட்ட சட்டமில்லை. மராட்டிய ராஜாக்கள் காலத்தில் தஞ்சாவூருக்கு வந்து இந்தப் பக்கமே தங்கிவிட்ட குடும்பங்களில் அது பழக்கம். அம்மா போன பிறகு காரைக்கால் வீட்டில் அந்த மொழியைப் பேச மூன்று பேர் மிஞ்சினோம்: அப்பா, அக்கா, நான். அப்பா ஒரு மரைக்காயரின் நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. நாளெல்லாம் அங்கே தமிழ் பேசிவிட்டு வருவார். கொல்லையில் கால் கழுவியதும் மராத்திக்கு மாறிவிடுவார். வெளியில்கூட எங்களிடம் அவர் தமிழ் பேசிக் கேட்டதே இல்லை, திட்டுவதானாலும் மராத்திதான்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறுவருஷம், மண்டி வேலையாகத் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டவர் எங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பூவம் எல்லையில் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் சுங்கத் தொல்லை அப்போது ஒழிந்திருந்தது. தரங்கம்பாடியில் டென்மார்க்குக்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்தோம். அவர்களைப் புதைத்த இடத்தையும் பார்த்தோம். கல்லில் வெட்டியிருந்த எழுத்தை யாராவது வாசித்துச் சொல்வார்களா என்று அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் அப்பா கேட்டார்.

“அது அவுங்க பாஷைங்க. இங்க யாருக்குத் தெரியும்?” என்று அந்த ஆள் சிரித்தார்.

இருநூறு வருஷத்துக்கு மேல் ஆண்டவர்கள். பேச ஒரு வாய் பாக்கியில்லை. வண்டி திரும்பும்போது அப்பா மராத்தியில் சொன்னார்: அவர்களுக்குப் போவதற்கு ஒரு தேசம் இருந்தது, மொழியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நமக்குக் கப்பல் இல்லை. நம் மொழி இங்கேயே கல்லாகிவிடும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. அந்தக் கல் அவள் தலையில் வந்து விழும் என்று யார் கண்டது?

எங்கள் குடும்பங்களில் பெண்ணைத் தஞ்சாவூர், கும்பகோணம் தாண்டிக் கொடுப்பதில்லை. கும்பகோணத்தில் மாமா மகன் இருந்தார். அக்காவுக்கும் அதில் சம்மதம்தான். ஆனால் ராமேஸ்வர யாத்திரை வந்த புனா நகரத்து மராத்திக் குடும்பம் ஒன்று தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கியது. அவர்களுக்கும் ஒரு பையன் இருந்தான். அப்பா அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

மண்டி முதலாளி கேட்டாராம்: “என்னா ராவ்ஜி, தாயில்லாத புள்ளய அவ்ளோ தொலைவுலயா குடுப்பீங்க?”

“அங்க தெருவே எங்க பாஷ பேசுதுங்க. எம்பொண்ணு வாசல்ல நின்னுகூட பேசலாம்” என்றாராம் அப்பா. இதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அப்பாவுக்கு ஆயிரம் மைல் தூரத்துப் பச்சை தெரிந்தது.

பிற்பாடு நான் பூகோளப் படங்களைப் பார்த்திருக்கிறேன். டேனிஷ் பேசும் நாடு கைக்குட்டை அளவுதான், தெற்கே ஜெர்மனிக்குள் கொஞ்சம் கசிந்திருக்கிறது, வடக்கே சில பனித்தீவுகளில் பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்கிறது. மராத்தி பம்பாயிலிருந்து நாகபுரி வரை ஒரே விரிப்பு. அதற்கப்புறம் எத்தனையோ ஊர்கள், ஆறுகள், வேறு மொழிகள். அப்புறம் எங்கள் வீட்டு அடுப்படி. எந்தப் படத்திலும் அந்த அடுப்படிக்கு வர்ணம் பூசியிருக்கவில்லை. இவ்வளவு இடைவெளியில் மொழி அப்படியே இருக்குமா என்று அப்பா ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த ஆத்திரம் தீரவில்லை.

அக்கா இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தாள், தனியாக. புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். காரைக்கால் ஸ்டேஷனில் அப்பா ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு மராத்தியில் மளமளவென்று கேட்டார், வழியில் சாப்பிட்டாயா, மெலிந்துவிட்டாயே என்று. அக்கா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். அவர் கேட்பார், அவள் தலையை ஆட்டுவாள். நான் கேட்டாலும் அதேதான்.

மறுநாள் பகலில் கொல்லைப் பக்கம் குரல் கேட்டது. அடுத்த வீட்டு முஸ்லிம் பெண்ணை நாங்கள் லாத்தா என்று கூப்பிடுவோம். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் அக்கா, தமிழில் மடை திறந்தாற்போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

“வாயத் தொறந்தாப் போதும் லாத்தா, சிரிக்கிறாங்க. எங்க பாட்டன் பூட்டன் கூட இப்படிப் பேசலங்கிறாங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் என்னக் கூப்புட்டு, பேசிக் காட்டுடிம்பாங்க. தெருவுல மதராசின்னுதான் பேரு. அதான் பேசறதையே விட்டுட்டேன். இப்ப அப்பா பேசுனாலும் அவுங்க சிரிக்கிற மாரியே கேக்குது.”

“அல்லாவே! ரெண்டு வருசமா வாயத் தொறக்காமயா கெடந்தே, புள்ள?” என்றார் லாத்தா.

அடுப்படி வாசலில் அப்பா நின்றிருந்தார். மண்டியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தவர், கால்கூடக் கழுவவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் பார்த்ததும் சட்டென்று திரும்பி, சாப்பிடாமலே போய்விட்டார். இங்கேயே இருந்துவிடச் சொல்லுவார் என்று நான் நினைத்தேன். அக்காவும் அதற்காகத்தான் காத்திருந்தாள், எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணை வைத்துக்கொள்ளும் தைரியம் அந்தக் காலத்தில் எந்தக் கணக்குப்பிள்ளைக்கு இருந்தது? அவள் இருந்த மிச்ச நாளெல்லாம் வீட்டில் மூன்று பேரும் ஜாடையிலேயே காலம் தள்ளினோம். கும்பகோணத்து மாமா மகனுக்கு அதற்குள் கல்யாணமாகியிருந்தது.

ரயில் புறப்படும்போது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் கடையில் யாரிடமோ பேசுவதுபோலத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“போய்ட்டு வாம்மா.”

அவர் தன்னிடம் தமிழில் பேசி அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை. வந்ததிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள். ரயில் போய்விட்டது. நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். அப்பா கொல்லையில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் தட்டு வைத்தேன்.

“சாதம் கொஞ்சமாப் போடு, போதும்” என்றார், தமிழில்.