மஞ்சள் விளக்கும் மந்திரித்த கயிறும்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டார். ஆனால் காரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எங்கள் பழைய பெட்ரோல் காரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்த அன்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே காரணம் சொல்லிவிட்டார்: "நீ கிளட்ச்ச போட்டு மிதிக்கிற மிதிக்கு வேற இன்னா ஆவும்?"

வாரத்தில் இரண்டு நாள் என் அம்மாவை டயாலிசிஸுக்காகச் செஞ்சியிலிருந்து பாண்டிக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். அந்த விளக்கு வந்ததிலிருந்து, நிறுத்தினால் வண்டி நடுங்கியது. சில சமயம் அணைந்தே போனது. திண்டிவனம் சிக்னலில் ஒருமுறை அப்படி நின்றபோது, பின்னால் இருந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அம்மா கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். வழக்கமாகத் திரும்பி வரும்போது அசதியில் தூங்கிவிடுவாள். அன்றிலிருந்து தூங்குவதில்லை.

காரை விற்றுவிடலாம், அம்மா பஸ்ஸில் போகட்டும் என்றார் கணவர். ஊசி குத்திய கையோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது அவருடைய அம்மா இல்லையே.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். என் பின்னால் ஆண்பிள்ளை யாராவது வருகிறாரா என்று முதலில் எட்டிப் பார்த்தார். வரவில்லை என்றதும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு டீ குடித்து வந்து மாட்டினார். விளக்கு போய்விட்டது. "சென்சார்தான் மேடம், டென்ஷன் ஆவாதீங்க." அடுத்த முறை பாண்டி போகையில் பாதி வழியிலேயே விளக்கு திரும்ப வந்தது. மறுபடி அவரிடம் போனேன். மறுபடி ஒரு டீ. இந்த வைத்தியத்துக்கு மெக்கானிக் எதற்கு, டீக்கடைக்காரரே போதும்.

கணவர் அவரையும் மிஞ்சினார். என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பெரிய பொட்டாக ஒன்றை உரித்து, விளக்கின் மேல் ஒட்டிவிட்டு, "இப்ப எரியுதா?" என்றார். டிகிரி படித்த மனிதர்.

இவர்களை நம்பிப் பயனில்லை என்று ஆன்லைனில் ஒரு சின்னக் கருவி வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் வண்டியின் குறையைப் போனில் காட்டும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று காட்டியது. ஏதோ ஒரு குழாய் கிழிந்து, அதன் வழியாக இன்ஜின் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது என்று வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டேன். புகை காட்டினால் ஓட்டை அகப்படுமாம். புகைக்கா பஞ்சம்? பூஜை அலமாரி நிறைய ஊதுபத்தி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் தூக்கினேன். பெட்ரோல் பக்கம் போகாமல், காற்றுக் குழாய்களை ஒட்டி ஊதுபத்தியை நகர்த்தினேன்.

"இன்னா, இன்ஜினுக்குப் பூஜையா?" என்று வாசலில் நின்று சிரித்தார் கணவர்.

நேராக எழுந்துகொண்டிருந்த புகை, விரல் தடிமனான ஒரு ரப்பர் குழாயின் நுனிக்கு வந்ததும் வளைந்து உள்ளே போனது. அந்த இடத்தை விரலால் அமுக்கினேன், நடுக்கம் நின்றது. விரலை எடுத்தேன், நடுங்கியது. இன்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயைச் சுற்றி மூன்று முடிச்சோடு ஒரு கறுப்புக் கயிறு, ரப்பரை அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தது.

விளக்கு எரிவதற்கு முந்தைய வாரம், அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், வண்டிக்குத் திருஷ்டி படாமல் இருக்கக் கணவர் மந்திரித்துக்கொண்டு வந்த கயிறு. வெளியே கட்டினால் மழையில் இற்றுப்போகும் என்று உள்ளே பத்திரமாகக் கட்டியிருக்கிறார். அங்காளம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரப்பர் குழாயில் கட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை.

கயிற்றை அறுத்தேன். கிழிந்த நுனியை வெட்டிவிட்டு, மீதிக் குழாயை இழுத்து மாட்டி கிளிப் போட்டேன். இன்ஜின் சீராக ஓடியது. அந்தக் கருவியை மறுபடி செருகி, போனிலேயே விளக்கை அணைத்தேன். பொட்டை உரித்தபோது அங்கே வெளிச்சம் இல்லை. கயிற்றைக் கொண்டுபோய்க் கணவர் கையில் வைத்தேன். அவர் முகம் வெளுத்தது. புரிந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நம்பினேன், பைத்தியக்காரி.

"அய்யய்யோ, அம்மன் கயித்த அறுத்துட்டியா?"

மறுநாள் பாண்டியிலிருந்து திரும்பும்போது திண்டிவனம் சிக்னலில் நின்றோம். வண்டி அணையவில்லை. அம்மாவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். கைப்பிடியை விட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.