மன்னியின் வலது தோள்

எங்கள் வீட்டு மடிக்கோல் இப்போது ஒட்டடை அடிக்கப் பயன்படுகிறது. ஆளுயர மூங்கில் குச்சி, பிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு முழுக்க மன்னியின் உள்ளங்கை செய்தது. அண்ணாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்த மறு வாரமே அது அவர் கைக்கு வந்துவிட்டது. அம்மா அப்போது உயிரோடு இல்லை. தினமும் விடியற்காலையில் குளித்துவிட்டு, தன் புடவையையும் அப்பாவின் வேஷ்டிகளையும் நனைத்துப் பிழிந்து, கோலின் நுனியில் ஏந்தி, கூரையை ஒட்டித் தொங்கும் மூங்கில் கொடியில் போட்டு விரிக்க வேண்டும். மறுநாள் அதைக் கோலால் எடுத்து உடுத்திக்கொண்டுதான் அடுப்பைத் தொடலாம். நடுவில் யார் கையும் படக் கூடாது, நடமாடுகிறவர்கள் தலை உரசக் கூடாது; பட்டால் மடி, அதாவது ஆசாரச் சுத்தம், போய்விடும். அதனால்தான் கொடி அவ்வளவு உயரம். ஈரப் புடவை என்ன கனம் கனக்கும் என்று நான் ஒரு நாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

இருபத்தைந்து வருஷம் கழித்து, தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியவில்லை என்ற நிலை வந்தபோதுதான் மன்னி வாயைத் திறந்து வலி என்றார். அண்ணாவுக்குச் சென்னையில் வேலை. அதனால் புத்தூரில் ஒரு டாக்டரிடம் நானும் அப்பாவும் அழைத்துப் போனோம். தோளைப் பிடித்திருக்கும் தசைநாண் பல வருஷமாக நைந்துகொண்டே வந்திருக்கிறது, இன்னும் அறுந்துவிடவில்லை என்றார் டாக்டர். மன்னியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து, நைந்த இடத்தில் ஊசியால் செலுத்தலாம், தன்னைத் தானே சரிசெய்துகொள்ள உடம்பை அது தூண்டிவிடும் என்றும் சொன்னார். அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "இவ ரத்தத்தையே இவளுக்குத்தானே ஏத்தப் போறேள்?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "அப்போ ஒண்ணும் தோஷமில்லை" என்று சம்மதித்தார். வலி அவர் கணக்கிலேயே வரவில்லை. சுழற்றி எடுத்த குழாயில் அடியில் சிவப்பும் மேலே வைக்கோல் நிறமுமாக நின்றது. "என்கிட்டேயே இருந்திருக்கு பாரு மருந்து" என்று மன்னி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஊசி எல்லோருக்கும் பலித்துவிடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் ஆறு வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, எதையும் பிழியக் கூடாது என்பதைத்தான் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் நாங்கள் மன்னியைத் தாங்கு தாங்கென்று தாங்கினோம். நான் தேங்காய் துருவினேன், தண்ணீர் பிடித்தேன், மற்ற துணிகளையெல்லாம் மெஷினில் போட்டேன். துவாக்குடியில் என் ஆபீஸில் இதைச் சொல்லிப் பெருமைகூட அடித்துக்கொண்டேன். மடித்துணி மட்டும் பாக்கி. மெஷினில் போட்டால் அது மடியாகாது. அதை மன்னிதான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து குளித்துவிட்டு நான் செய்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. பூணூல் போட்டவன்தான், ஆசாரத்துக்கும் குறைவு வந்திருக்காது. எனக்கு ஆறரை வரை தூக்கம் வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் ஒருநாள் எதற்கோ சீக்கிரம் விழித்துக் கூடத்துக்கு வந்தேன். மன்னி இடது கையால் வலது முழங்கையை முட்டுக்கொடுத்துத் தூக்கிக்கொண்டு கோலை உயர்த்திக்கொண்டிருந்தார். முகம் வியர்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் தப்புச் செய்து பிடிபட்டவர் மாதிரி, "ஒரு புடவையும் ரெண்டு வேஷ்டியும்தானேடா" என்றார். நான் கோலை வாங்கவில்லை. "மெதுவா, மன்னி" என்றேன். சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். இன்றைக்கும் அந்த 'மெதுவா' ஞாபகம் வந்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அடுத்த மாதமே ஒரு காலையில் கோல் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. தசைநாண் முழுக்க அறுந்துவிட்டிருந்தது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். வலி குறைந்ததே தவிர, வலது கை நெஞ்சு உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. ஊசி எல்லோருக்கும் பலிக்காது என்று டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டோம். அப்பா உறவுக்காரர்களிடம் அதைத்தான் சொன்னார். அண்ணா போனில் அதையே சொன்னான். நானும் சொன்னேன். ஒருவேளை அதுவே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பலிக்குமா என்று பார்க்க நாங்கள் அந்த ஊசிக்கு ஆறு வாரம் கொடுக்கவில்லை.

மன்னி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் அப்பா ஒரு எலக்ட்ரீஷியனை வரச்சொன்னார். கூடத்து மூங்கிலைக் கழற்றி, யாரும் நடமாடாத பெருமாள் அறையின் ஓரத்தில், நெஞ்சு உயரத்தில் மாட்டச் சொன்னார். நாலு திருகாணி, பத்து நிமிஷம். வேலை முடிந்ததும் மன்னியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தில் நல்லது செய்துவிட்ட திருப்தி இருந்தது.

"ஏம்மா, எட்டறதா?"

மன்னி அந்தக் கொடியைப் பார்த்தார். பிறகு, "எந்தக் கையாலப்பா?" என்று கேட்டார்.

இப்போது தன் வேஷ்டியை அப்பாவே அங்கே உலர்த்திக்கொள்கிறார். கோலுக்கு வேலை இல்லாமல் போனதால் அதன் நுனியில் துடைப்பம் கட்டியிருக்கிறோம். ஒட்டடை அடிப்பது என் பொறுப்பு. மன்னி கீழே நின்று, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று இடது கையால் காட்டுவார். நான் கோலைக் கூரை வரைக்கும் தூக்குகிறேன். என் தோளில் ஒரு வலியும் இல்லை.