நான்காவது கட்டம்

இன்று காலை ஏரிக்கரையில் வரித்தலை வாத்தின் தொண்டைக்குரல் கேட்டது. பறவைக் கணக்கெடுக்க வந்திருந்த கல்லூரிப் பெண் துள்ளினாள். "சார், எந்தப் பக்கம் சார்?"

ஐந்தாம் வகுப்பில் அதே குரலைக் கேட்டிருக்கிறேன். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளுடன் ஐந்து வாத்துகள் எங்கள் ஏரிக்கு வந்த தை மாதம் அது. ஊரில் யாரும் அவற்றை முன்பு பார்த்ததில்லை. என் நோட்டில் தேதி, நேரம், பறவை, இடம் என்று நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன். பத்து நாளும் ஒரே இடம்தான்: மதகுக்கு மேற்கே, கருவேல மரத்தடி.

அந்த நோட்டை முழுதாகப் படித்தவர் சித்தப்பா மட்டுமே. தோல் தொழிற்சாலையிலிருந்து சுண்ணாம்பு வாடையோடு வந்து உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இன்னாடா, போலீஸ் டைரி கணக்கா எழுதி வெச்சிருக்க! அதே எடத்துக்குத்தான் வருதா?"

"தெனமும் அங்கதான் சித்தப்பா. விடிஞ்சதும் வந்துடும்."

பெருமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு மதியம் வீடெல்லாம் மிளகு வாசனை. கோழி என்று நினைத்து இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

"எல்லாம் உன் நோட்டு புண்ணியம்டா," என்று சித்தப்பா சிரித்தார்.

கை கழுவக் கொல்லைக்குப் போனேன். சாம்பல் குவியலில் ஒரு வெள்ளைத் தலை கிடந்தது. இரண்டு பட்டைகளும் அழியாமல் இருந்தன.

"சார், எடம் போடணும். எங்கன்னு தெரியுதா?" ஏரிக்கரையில் அந்தக் கல்லூரிப் பெண் மறுபடி கேட்டாள்.

"தெரியலம்மா," என்றேன்.

விடிந்ததுமே அந்த வாத்துகளைப் பார்த்திருந்தேன். பையிலிருந்த நோட்டில் தேதி, நேரம், பறவை மூன்றும் எழுதியாகிவிட்டது. நான்காவது கட்டத்தை இன்றும் கோடு போட்டு வைக்கிறேன், நிரப்புவதில்லை.