விருப்பப் பாடத்தில் அப்பாவின் பெயர்

பொறியியல் படிக்கிறவனும் வெளித்துறையில் ஒரு பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்பது கனடாவில் எங்கள் பல்கலைக்கழகத்து விதி. சனி, ஞாயிறு முழுக்கப் புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டி தூக்குகிறவனுக்கு விருப்பப் பாடம் ஒரு கேடா என்று திட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை பாடப்பட்டியலைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஓவிய வரலாறு எடடாப்பா. இருட்டுக்குள்ள படம் காட்டுவினம். நல்லா நித்திரை கொள்ளலாம்."

எடுத்தேன். முதல் நாள் பேராசிரியை விளக்கை அணைத்துவிட்டு, படம் காட்டும் கருவியின் வெளிச்சத்தில் வரவுப் பட்டியலை வாசித்தார். எங்கள் பொறியியல் வகுப்புகளில் கூட்டம் அதிகம், பெயர் கூப்பிடுவதில்லை. இங்கே இருபது பேர்தான். ஆளாளுக்குக் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? குடிவரவு அதிகாரி படிவத்தில் அதற்கான கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டிருந்தார்.

இருட்டுக்குள் அப்பாவின் பெயர் கேட்டது. நான் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா திருகோணமலையில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். நான் கனடாவுக்கு வருவதற்கு முந்திய வருடம், ஒரு காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனார். அவரும் திரும்பவில்லை, சைக்கிளும் திரும்பவில்லை. அதன் பிறகு வீட்டில் நாங்கள் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதில்லை. புருஷன் பெயர் என்பதால் அம்மா எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

பேராசிரியை இரண்டாம் முறை கூப்பிட்டபோது கையைத் தூக்கினேன். பொய்ச்சாட்சி சொன்னது போல இருந்தது.

அதற்குப் பிறகு புதன்கிழமை தோறும் இதே பாடு. நித்திரையாவது மண்ணாவது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெயர் கேட்டதும் நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு மூச்சு பொறுப்பேன். பின்வரிசையிலிருந்து வேறு யாராவது பதில் சொன்னால்? அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுப்பேன்.

அந்த நாட்களில், ஊர்க் கிராம அதிகாரி வீட்டுக்கு வந்துபோனதைச் சொல்லி அம்மாவின் கடிதம் வந்தது. "விதானையார் வந்தவர். வாக்காளர் பட்டியலில அப்பான்ர பேரை வெட்டவோ எண்டு கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறார், வருவார் எண்டு சொல்லிப்போட்டன்." படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் எத்தனை வருடத்துக்கு இந்தப் பைத்தியம்? என்னால் இனித் தாங்க முடியாது, பாடத்தை விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

பாடத்தை விடுவதற்கான கடைசி நாளன்று அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். எழுதுவினைஞர் பெண் வகுப்புப் பட்டியலை எடுத்து, அப்பாவின் பெயருக்கு மேல் கோடு போடும் அடிமட்டத்தை வைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். "வெட்டிவிடட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் பட்டியலின் மேல் கையை வைத்துவிட்டேன். பாவம், அவள் பயந்துபோனாள். மன்னிப்புக் கேட்டுப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைசி வகுப்பில் பேராசிரியை வழமை போலப் பெயர் கூப்பிட்டார். இனி இந்தப் பெயரை எனக்கு யாரும் இப்படிக் கூப்பிடப் போவதில்லை. ஒரு மூச்சுப் பொறுத்தேன். இன்னும் ஒரு மூச்சு. "வரவில்லையா?" என்று கேட்டபடி பட்டியலில் பேனாவை வைத்தார்.

"வேலைக்குப் போயிருக்கிறார், வருவார்" என்றேன், தமிழில்.