ஆற்றைப் பார்த்த கதவு

குமாரபாளையத்தில் ஆற்றோரத் தெருவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று தெருவைப் பார்த்தது, மற்றொன்று காவிரியைப் பார்த்தது. விருந்தாளி, தறி ஓட்ட வருபவர், ஓட்டுக் கேட்பவர் எல்லாரும் தெருவாசலில்தான் வருவார்கள். ஆற்றுவாசல் எங்களுக்கு மட்டும். பல் துலக்குவது, துணி துவைப்பது, பக்கத்து வீட்டோடு சண்டை போடுவது எல்லாம் அந்தப் படிகளில் நடக்கும். எதிர்க்கரையில் பவானி. அங்கே ஜமக்காளம், இங்கே லுங்கியும் துண்டும். நடுவில் ஆறு இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஊர்தான். பவானிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கூடுதுறைக் கோயில் அவர்கள் பக்கம் இருக்கிறதல்லவா, அதனால் கொஞ்சம் கெத்து.

என் சிறுவயதில் சாயமேற்றிய நூலை ஆற்றிலேயே அலசுவார்கள். காலையில் கதவைத் திறந்தால் கரையோரம் ஒருநாள் நீலமாக ஓடும், ஒருநாள் சிவப்பாக ஓடும். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. ஆற்றுக்கு அது எவ்வளவு பெரிய கெடுதல் என்பது பின்னால்தான் புரிந்தது. ஆனாலும் வெளியூர்க்காரர் யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் கோபம் வரும். திட்டுவதாக இருந்தால் நாங்கள் திட்டிக்கொள்கிறோம்.

ஊரில் நிறையப் பேர் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். கிணறு வற்றி, காட்டில் ஒன்றும் விளையாமல், விசைத்தறியை நம்பி வந்தார்கள். அப்பாவும் அப்படித்தான். நாமகிரிப்பேட்டைப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். மழை பொய்த்துப்போய் இங்கே வந்து முன்கட்டில் தறி போட்டார், பின்கட்டில் குடியிருந்தோம். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் எவ்வளவு வேலை இருந்தாலும் சாயங்காலம் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் அவரிடம் என்ன கேட்டாலும் கிடைக்கும்.

மேட்டூரில் உபரி நீரைத் திறந்தால் ஆட்டோவில் மைக் கட்டி எச்சரித்துக்கொண்டு போவார்கள். வேறு ஊராக இருந்தால் துணிமணியைத்தான் முதலில் எடுப்பார்கள். எங்கள் தெருவில் முதலில் தறி மோட்டாரைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றுவார்கள், அதன்பிறகுதான் பிள்ளைகள் ஞாபகம் வரும். பெண்கள் ஆற்றுவாசலில் மஞ்சள், குங்குமம், பூ எடுத்துவைத்துக் காத்திருப்பார்கள். தண்ணீர் நிலைப்படியைத் தொட்டதும் அம்மா குங்குமம் வைத்துக் கும்பிடுவாள். "வந்தது சந்தோசம் தாயி. இப்படியே போயிரு" என்பாள். பெரும்பாலும் ஆறும் போய்விடும்.

நான் திருச்செங்கோட்டுக்கு வாழ்க்கைப்பட்டபிறகு, மேட்டூர் நிரம்பியது என்று செய்தி வந்தாலே வீட்டுக்குப் போன் போட்டுவிடுவேன். வீட்டை விட்டு மேட்டுப் பக்கம் போய்விடச் சொல்லி வருஷாவருஷம் சண்டை போட்டேன். அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"தண்ணி இல்லாம ஓடியாந்தவன் நானு. தண்ணி வந்துருச்சுன்னு ஓடச் சொல்றயா சாமி?"

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுவேன்.

சில வருஷங்களுக்கு முன் வந்த வெள்ளத்தில், அம்மா வழக்கம்போல ஆற்றுவாசலில் தட்டோடு நின்றாள். அப்பா பக்கத்தில் நின்று, எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏறவில்லை என்று இருவருக்கும் நிம்மதி. அதற்குள் ஆறு சாக்கடை வழியாக எதிர்த்து ஏறி, தெருப்பக்கம் சுற்றி முன்வாசலில் நுழைந்துவிட்டது. தறியில் பூட்டியிருந்த பாவு நூல் முழுக்கச் சேற்றில் கிடந்தது. ஆறு ஆற்றுப்பக்கமிருந்துதான் வரும் என்று ஆற்றோரத்துக்காரர்கள்தான் நம்புவார்கள்.

தண்ணீர் வடிந்ததும் நான் போய் நின்றேன். வழக்கமான சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. சேற்றை வழித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நாம கும்புட்டுட்டு இருக்கையிலயே பொறத்தாண்ட வந்துட்டா. இனி அவகிட்டப் பேசறதுக்கு என்னங்க இருக்குது? போயர்லாங்க."

அப்பா அன்றைக்கே வீடு பார்க்கக் கிளம்பினார். அந்த மாதமே மேட்டில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். நினைத்ததைச் சாதித்துவிட்ட திருப்தியில் நான் அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கும் பெருவெள்ளம். அம்மா போன் செய்தாள். "ஊட்டுக்கு வராத சாமி. நேரா பவானிப் பாலத்துக்கு வந்துரு, நாங்களும் அங்கதான் வாரோம்" என்றாள். போனேன். பாலத்தில் ஒரே கூட்டம், செல்போன்களைத் தூக்கிப் பிடித்தபடி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அப்பாவிடம் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"வேடிக்கை பாத்தது போதும் பெரியவரே. நகருங்க. எந்த ஊரு நீங்க?"

அப்பா கீழே கையைக் காட்டினார்.

"அதா, ஓடு மட்டும் தெரியுது பாருங்க. அதுதானுங்க எங்க ஊடு."

போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு எங்களை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர்களை நகரச் சொன்னார்.